அறை வெப்பநிலை: இருபத்தைந்து

1

இந்தக் கதை ஒரு விளக்கக் கடிதமாகத்தான் பிறந்தது. ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குள் கொடுக்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். "நீளமா எழுதிடாதீங்க, நீங்க கதை எழுதுற ஆளு" என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்தேன். இன்று ஞாயிறு பிற்பகல். ஒன்பதாவது பக்கத்தை நெருங்குகிறேன். கடிதத்தில் இருந்தே ஆக வேண்டிய ஒரு வாக்கியம் மட்டும் இன்னும் வரவில்லை.

அது என்ன வாக்கியம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்து வாசகரைத் திடுக்கிட வைக்கும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. ஏசியைக் குறைத்தது நான். அவ்வளவுதான் வாக்கியம்.

(இதற்கா ஒன்பது பக்கம் என்று நீங்கள் கேட்கலாம். என்னாலும் இங்கே எழுத முடிகிறது. கடிதத்தில் எழுதத்தான் கை வரவில்லை.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இப்படி இருந்தது:

[அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் பொருட்கள் பல. தண்ணீர், பால், மண்ணெண்ணெய், பெட்ரோல், வினிகர், தேன், கிளிசரின் ஆகியவை நாம் அன்றாடம் காண்பவை. வீட்டில் காணும் உலோகங்களில் பாதரசம் ஒன்றுதான் திரவம். உலோகமல்லாத தனிமங்களில் புரோமின் என்னும்]

என் மனைவி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். வீட்டிலும் சிவப்புப் பேனா வைத்திருக்கிறாள். புரோமின் வரைக்கும் படித்துவிட்டு, "இது யாருக்கு, ஏழாங்கிளாசுக்கா?" என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.

அடித்த பிறகுதான் அந்தப் பட்டியலில் இருந்த சூது எனக்கே தெரிந்தது. இப்படிப்பட்ட பட்டியல்களில் எல்லாரும் பொருளின் பெயரைப் படிக்கிறார்கள். அறை என்ற சொல்லை யாரும் படிப்பதில்லை. யாருடைய அறை? தேங்காய் எண்ணெய் குளிர்காலக் காலையில் பாட்டிலுக்குள் கெட்டியாக உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறது. மதியம் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடுகிறது. காலியம் என்று ஓர் உலோகம் இருக்கிறது. மேசைமேல் அது கட்டி, உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் பொறுத்தால் குழம்பு, கோடையில் எங்கள் வீட்டு மாடி அறையில் மேசைமேலேயே குழம்பு. பாதரசத்தைக்கூட வேண்டிய மட்டும் குளிர வைத்தால் ஆணி அடிக்கலாமாம். ஆக, திரவமா திடமா என்பதைப் பொருள் பாதிதான் சொல்கிறது. மீதியை அறை சொல்கிறது. அறை என்ன சொல்லும் என்பது ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது தொடக்கம்:

[அவரிடம் எப்போதும் ஒரு ஸ்வெட்டர் இருந்தது. அதன் நிறம்]

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. நிறம் நினைவுக்கு வரவில்லை. பதினொரு வருடமாக எனக்கு எதிர் மேசை.

3

நான் வேலை பார்ப்பது ஒரு சோதனைக்கூடத்தில். நான்காவது மாடி, ஆறு பேர், ஒரு ஏசி. கம்பெனிகள் தங்கள் சரக்கில் கொஞ்சத்தை டப்பாவில் போட்டு எங்களுக்கு அனுப்பும். அது திடமா திரவமா என்று நாங்கள் சான்று கொடுப்போம். இதற்கு ஒரு சோதனைக்கூடமா என்று கேட்காதவர்கள் குறைவு. என் மாமனார் முதல் சந்திப்பிலேயே கேட்டார். "கண்ணால பாத்தாத் தெரியாதா மாப்ள?"

தெரியாது. தார், பசை, மெழுகு, கிரீஸ், இதெல்லாம் இரண்டுங்கெட்டான் சாதி. திடம் என்றால் அட்டைப்பெட்டியில் அடைத்து லாரியில் ஏற்றிவிடலாம். திரவம் என்றால் மூடி இறுக்கிய டிரம் வேண்டும். அதனால் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கையெழுத்துப் போடும் உரிமை லேசில் கிடைப்பதில்லை. ஒருமுறை பறிபோனால் வேறு எந்தச் சோதனைக்கூடமும் அந்த ஆளை வாசலில்கூட நிற்க விடாது.

முறை எளிது. மாதிரியைக் கண்ணாடிக் குழாயில் போட்டு மேசைமேல் நான்கு மணி நேரம் சும்மா விடுவோம். பிறகு குழாயைப் படுக்க வைத்து ஐந்து நிமிடம் பார்ப்போம். ஓடினால் திரவம், ஓடாவிட்டால் திடம். பார்த்தவர் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திடுவார். படிவத்தின் ஆறாவது கட்டத்தில் 'அறை வெப்பநிலை' என்று இருக்கும். அதில் 25 என்று எழுதுவோம்.*

* சுவரில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. நான் சேர்ந்த முதல் நாள், ஆறாவது கட்டத்தை நிரப்புவதற்காக எழுந்து அதைப் பார்க்கப் போனேன். மேனேஜர் தலையைத் தூக்காமலே, "எங்க போறீங்க? இருபத்தஞ்சு போடுங்க" என்றார். போட்டேன். இதுவரை நான் போட்ட இருபத்தைந்துகள் நாலாயிரத்துக்குக் குறையாது. அதில் எத்தனை உண்மை என்று கேட்டால் எனக்கு ஒரு இருமல் வரும்.

4

ஸ்வெட்டர் அக்காவை இனியும் தள்ளிப்போட முடியாது.

எங்களில் மூத்த சோதகர் அவர். ஐம்பத்தொரு வயது, இருபத்து மூன்று வருட வேலை. குழாயைப் படுக்க வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார், மூச்சுக்காற்று பட்டுப் பொருள் இளகிவிடுமாம். வேலையில் அப்படி. ஆனால் ஏசி விஷயத்தில் அவர் என் எதிரி. அவருக்கு இருபத்தேழு வேண்டும், எனக்குப் பதினெட்டு.

"தம்பி, அந்த ரிமோட்ட இப்படிக் குடுங்க. வெரலு வெறைக்குது, எழுத முடியல."

"எனக்குச் சட்டை முதுகோட ஒட்டுதுக்கா."

"ஒட்டுனா ஒட்டட்டும். சட்டைதானே, பிச்சுக்கிட்டா போயிடும்?"

மேனேஜர் பஞ்சாயத்து பண்ணி, 25 என்று எழுதிய காகிதத்தை ஏசியின் நெற்றியில் ஒட்டினார். அந்தக் காகிதத்தை நாங்கள் இருவரும் மதித்தோம். மதித்துக்கொண்டே ரிமோட்டைத் திருடினோம். நான் இழுப்பறையில் வைத்துப் பூட்டுவேன். அவர் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு மூடுவார். வேலை தவிர எங்களுக்குள் வேறு பேச்சு கிடையாது. அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் காலையில் கொஞ்சம் சீக்கிரமே வந்தேன் என்பதை எழுதிப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன்.

(மனைவி ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: 'நல்லா இருக்கு. ஆனா இதை ஏன் அவங்ககிட்ட சொல்லலை?')

நடந்தது இதுதான். ஒரு சோப்புத் தொழிற்சாலையிலிருந்து வெள்ளைக் கொழுப்பு ஒன்று வந்தது. காலை பத்து மணிக்கு அக்கா அதைக் குழாயில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, பல் மருத்துவரிடம் போனார். பத்தேகாலுக்கு நான் ஏசியைப் பதினெட்டுக்குக் குறைத்தேன். பன்னிரண்டு மணிக்கு அவர் திரும்பி வந்தார். ஆணியில் தொங்கிய ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்தார். இரண்டே காலுக்குக் குழாயைப் படுக்க வைத்தார். கொழுப்பு அசையவில்லை. திடம் என்று எழுதினார். ஆறாவது கட்டத்தில் 25 என்று எழுதினார்.

அந்த ஆணி வெப்பமானிக்கு நேர் மேலே இருக்கிறது. மற்ற நாட்களில் ஸ்வெட்டர் தொங்கி அதை மறைத்திருக்கும். அன்று ஸ்வெட்டர் அக்காவின் உடம்பில் இருந்தது. வெப்பமானி பளிச்சென்று பதினெட்டரை காட்டிக்கொண்டிருந்தது. ஆறு பேரும் அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போய்வந்தோம்.

பதினாறு நாள் கழித்து, நல்ல வெயிலில், ஒரு மேட்டுச் சாலையில் லாரி ஏறும்போது அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்துவிட்டன. கொழுப்பு பின்கதவு இடுக்கில் வழிந்து சரிவெல்லாம் ஓடியது. தீயணைப்புக்காரர்கள் வந்து மணல் கொட்டினார்கள். மூன்று மணி நேரம் சாலை அடைப்பு. யாருக்கும் அடிபடவில்லை. இதை நான் நான்கு முறை நான்கு பேரிடம் விசாரித்துவிட்டேன். ஓட்டுநரின் ஒரு செருப்பு மட்டும் கொழுப்போடு போய்விட்டது.

மிச்சமிருந்த மாதிரியை வேறோர் இடத்தில், உண்மையான இருபத்தைந்தில் சோதித்தார்கள். தண்ணீர் மாதிரி ஓடியதாம். மறுநாளே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். குற்றச்சாட்டு: திடத்துக்கும் திரவத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர். இருபத்து மூன்று வருடம் அதை மட்டுமே பார்த்தவரைப் பற்றி அப்படி எழுதினார்கள். நாளைக்கு விசாரணை. அன்று அறையில் இருந்த ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

5

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. 'நான்' என்று வருகிறாரே, அவர்மேல்.

நேற்று எழுதிய பிரதியில் இப்படி இருந்தது: [அன்று வெயில் கொளுத்தியது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடி ஏறி வந்ததில் என் சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். உயிர் போகிற தவிப்பில்தான் ஏசியை]

மனைவி 'வெயில்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாள்.

"என்ன பிழை?" என்றேன்.

"அன்னைக்கு மழைங்க."

"எந்த மழை?"

"காலையில புடிச்சது சாயங்காலம் வரைக்கும் விடல. நீங்க குடைய ஆஃபீஸ்லயே வச்சுட்டு சொட்டச் சொட்ட வந்தீங்க. துண்டு எடுத்துக் குடுத்தது யாரு?"

"கதையில வெயிலா இருந்துட்டுப் போகட்டுமே."

"கதையில இருக்கலாம். நீங்க கதையா எழுதுறீங்க? நாளைக்கு அங்க சொல்றதுக்கு ஒத்திகைல்ல பாக்குறீங்க?"

அவள் பேனாவை மூடிவிட்டு உள்ளே போனாள்.

சரி, மழை. எனக்கு வியர்க்கவில்லை. அதற்கு முந்தின நாள் அக்கா ரிமோட்டிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி, ஒரு மாதிரி டப்பாவில் போட்டு, 'பரிசோதனைக்கு வந்த பொருள்: திடம். வெளியே எடுத்தால் ஒருவருக்கு ஆகாது' என்று சீட்டு ஒட்டி என் மேசையில் வைத்திருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த வாய் மூடுவதற்குள் நாளைக்கு என்ன செய்வது என்று யோசித்துவிட்டேன். மறுநாள், மழையில், கதவு ஜன்னலெல்லாம் சாத்தியிருக்க, ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டுக் கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கே பல் கிட்டியது. வீம்பு. வேறு காரணம் ஒன்றும் இல்லை. நாற்பத்து நாலு வயது எனக்கு.

6

இன்று காலை அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

"சொல்லுங்க தம்பி."

"பல்லு எப்படிக்கா இருக்கு?"

"பல்லக் கேக்கவா ஃபோன் பண்ணீங்க?"

"இல்லக்கா. அன்னைக்கு ஏசிய நான்தான்..."

"தெரியும். கதவத் தொறந்ததுமே தெரிஞ்சுது. அறை ஐஸ் பெட்டியாட்டம் இருக்கு. நீங்க கழுத்துப் பட்டன் போட்டுக்கிட்டு கடைசிப் பரீட்சைக்கு வந்த புள்ள மாதிரி உக்காந்திருக்கீங்க."

"அப்ப ஏன்க்கா ஒண்ணுமே சொல்லல?"

"சொன்னா எனக்குக் குளுருதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல. இவன் எவ்ளோ நேரந்தான் தாங்குறான்னு பாத்துடுவோம்னு உக்காந்துட்டேன்."

நான் ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன். அவரே தொடர்ந்தார்.

"வெப்பமானியப் பாத்தேன் தம்பி. பதினெட்டரை. பாத்துட்டுத்தான் இருபத்தஞ்சு போட்டேன். கை தானாப் போட்டுருச்சு. கொழுப்பு கல்லாட்டம் நிக்குது, ஏன் நிக்குதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தாப் போதும். என் நெனப்பு அது மேல இல்ல. உங்க மேல இருந்துச்சு. நீங்க எப்ப எந்திரிச்சு ஏசிய நிறுத்துவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்."

"நானும் நீங்க எப்பக் கேப்பீங்கன்னுதான்க்கா பாத்துட்டு இருந்தேன்."

"ம். நல்ல ரெண்டு பேரு."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"கடிதத்துல என்ன வேணா எழுதுங்க தம்பி. பாக்காம எழுதிட்டாங்கன்னு எழுதுங்க, கண்ணு மங்கிப்போச்சுன்னு எழுதுங்க. வீம்புக்கு உக்காந்திருந்தாங்கன்னு மட்டும் எழுதிடாதீங்க. அஞ்சு பேரு முன்னாடி அதப் படிச்சா நான் மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்? வேல போனாலும் போகட்டும்."

"வேல போகக் கூடாதுக்கா."

"ஏன், உங்களுக்குச் சண்டைக்கு ஆளு வேணுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "ஆஃபீசுல எல்லாரும் கேக்குறாங்க" என்றேன். யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் அவர் இல்லாமல் அந்த அறை ஒரு மாதிரி இருக்கிறது. இரண்டு வாரமாக ரிமோட் என் மேசைமேல் திறந்தவெளியில் கிடக்கிறது. நான் அதைத் தொடவில்லை.

வைப்பதற்கு முன் அவர் கேட்டார்: "எதோ எழுதிட்டு இருக்கீங்களாமே, கதையா?"

"அது... அப்படித்தான்க்கா ஆயிடுச்சு."

"அதுல என்னைக் குண்டா எழுதாதீங்க."

(எழுதவில்லை. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.)

7

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். அடித்தவற்றையும் விட்டுவைக்கிறேன்.

ஒன்றில், கடிதத்தில் இப்படி எழுதுகிறேன்: [அன்றைய தினம் குளிர்சாதனம் வழக்கத்தைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருந்ததாகத் தெரிகிறது.] வைத்தது யார் என்று அந்த வாக்கியம் வாயே திறக்காது. வருடக்கணக்கில் அறிக்கை எழுதியவனுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. எல்லாரும் தலையாட்டுவார்கள், அக்கா வீட்டுக்குப் போவார். அன்று மதியத்திலிருந்து ஏசி முழுக்க முழுக்க எனக்கு. பதினெட்டில் வைத்தாலும் பதினாறில் வைத்தாலும் கேட்க ஆள் கிடையாது. இந்த முடிவை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அந்த அறையில் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

இன்னொன்றில் நான் விசாரணை நடுவே எழுந்து நிற்கிறேன். குரல் தழுதழுக்கிறது. மேனேஜர் கண் கலங்குகிறார், அக்கா என் கையைப் பிடித்துக்கொள்கிறார், எல்லாரும் எழுந்து [மனைவியின் சிவப்பு எழுத்து: 'கைதட்டல் வேண்டாம்.']

மூன்றாவது முடிவில்தான் சிக்கல். ஏசியைக் குறைத்தது நான் என்று மட்டும் எழுதினால், அக்காவின் இருபத்தைந்து பொய்யாகி அவர் தலையில் விழும். அவரைக் காப்பாற்ற வேண்டுமானால், அந்த இருபத்தைந்து அவருடையது மட்டும் அல்ல, எங்கள் எல்லாருடையதும் என்று எழுத வேண்டும். என் நாலாயிரத்தையும் சேர்த்து. மேனேஜர் சொல்லிக்கொடுத்ததையும் சேர்த்து. அதற்குப் பிறகு சோதனைக்கூடம் இருக்குமா, நாங்கள் ஆறு பேர் எங்கே இருப்போம், தெரியாது. 'தெரியாது' என்று முடிவதை முடிவு என்று பத்திரிகைக்காரர்கள் ஏற்றுக்கொள்வதில்லை.

8

சற்று முன்பு கடிதத்தை எழுதிவிட்டேன். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது, மேனேஜர் குறை சொல்ல முடியாது.

'அன்று காலை பத்தேகாலுக்கு, மழை பெய்துகொண்டிருந்தபோது, அறையில் யாருக்கும் வியர்க்காத நிலையில், வீம்புக்காக நான் ஏசியைப் பதினெட்டுக்குக் குறைத்தேன். சோதகர் அப்போது பல் மருத்துவரிடம் இருந்தார். மாதிரி நான்கு மணி நேரம் அந்தக் குளிரில் இருந்தது. அந்தக் குளிரில் அது திடப்பொருள்தான். அவர் கண்டது சரி. ஆறாவது கட்டத்தில் அவர் எழுதிய 25, பதினொரு வருடமாக நானும் வெப்பமானியைப் பார்க்காமல் எழுதிவரும் அதே 25. இங்கே எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் தாங்கள். இப்படிக்கு,'

'தாங்கள்' என்ற சொல்லை மூன்று முறை அடித்து நான்கு முறை எழுதினேன். அக்காவின் வீம்பைக் கடிதத்தில் எழுதவில்லை. அவர் வெப்பமானியைப் பார்த்ததையும் எழுதவில்லை. சொல்வதானால் அவரே சொல்லட்டும், எனக்கு என்னுடையதைச் சொல்லி முடிப்பதே பெரும்பாடு. இங்கே எழுதியிருக்கிறேன் என்றால், இது கதை. கேட்டால் கற்பனை என்று சொல்லிவிடலாம்.

'இப்படிக்கு' என்பதன் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறேன். அது இன்னும் காலியாக இருக்கிறது.

முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடுவது என்னைப் போன்றவர்களுக்குக் கைவந்த வித்தை. நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். இதோ கோடு, இதோ பேனா, பிடியுங்கள். என்ன எழுதுவீர்கள்? இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள். என் மனைவி பார்க்கும் வேலை தெரியும், மாமனார் கேட்ட கேள்வி தெரியும், அன்று பெய்த மழைகூடத் தெரியும். என் பெயர் தெரியாது. ஒன்பது பக்கத்தில் ஓரிடத்திலும் வந்துவிடாமல் அதை மட்டும் நான் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டேன்.

பேனாவைத் திருப்பிக் கொடுங்கள்.